இன்வர்ட் நம்பர் போட்ட மூன்று சிடிக்கள்

"வாய்மொழியாக ஆணை பிறப்பித்த அலுவலர், அன்றைய அலுவலக நேரம் முடிவதற்குள் அதனை எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும். அவ்வாறு உறுதிசெய்யப்படாத ஆணை, பிறப்பிக்கப்படாததாகவே கொள்ளப்படும்."

எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் உள்ள விதி இது. கையேட்டின் ஒரு பதிப்புக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். இந்த விதியைப் பிறருக்குப் பல முறை எடுத்துக் காட்டியிருக்கிறேன். அது எனக்கே பொருந்த வேண்டிய நாள் ஒரே ஒரு முறைதான் வந்தது. அன்று அது கையேட்டிலேயே இருந்துவிட்டது.

இப்போது இதை எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. என் பழைய நாற்காலியில் இருப்பவர் கேட்டார்: "சார், இப்பல்லாம் அப்டேட் தானா வந்து தானா ஏறிக்குது. அப்ப நீங்க இன்னாதான் பண்ணீங்க?" கடிதம் எழுதினோம் என்றேன். அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில், கணினிக்குத் தரவு ஊட்டும் அட்டையில் துளையிடக் கற்றேன். கற்று முடித்தபோது அட்டை போய்விட்டது. பிறகு வந்த ஒவ்வொன்றையும் அது போவதற்குச் சற்று முன்பாகக் கற்றுக்கொண்டேன். புதுச்சேரியில் சான்றிதழ்கள் வழங்கும் ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளனானேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். தரவுகள் முழுவதும் வேறோர் ஊரில், தலைமையிடத்தில் இருந்தன. எங்கள் கவுன்ட்டரில் ஒருவருக்குப் பிறப்புச் சான்று அச்சாக வேண்டுமென்றால், கேள்வி அங்கே போய் விடை இங்கே வர வேண்டும். இந்தப் போக்குவரத்தின் வாசலில் ஒரு கணினி நின்றது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்று பார்ப்பது அதன் வேலை. அதைத்தான் ஃபயர்வால் என்கிறார்கள். வாசற்காவலர் மயங்கி விழுந்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், விழாதவரைக்கும்.

இக்கதையில் என்னைத் தவிர மூன்று பேர்.

துணை இயக்குநர் லூர்துநாதன். குடும்பத்தில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கேயே இருக்கிறார்கள். இவர் இங்கேயே இருந்துகொண்டு எங்களை 'முசியே', அதாவது ஐயா, என்று அழைத்தார். சரி என்பதற்கு 'பொன்' என்பார். எந்தக் காகிதத்தையும் முதலில் அடியிலிருந்து படிப்பார்: கையெழுத்து, தேதி, அதன் பிறகே பொருள். வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து நகர்த்துவார். ஸ்கேல் நின்றுவிட்டால் அந்த வரியில் பிழை இருக்கிறது என்று பொருள். நிமிர்ந்து பார்க்க மாட்டார், நாமே கண்டுபிடிக்க வேண்டும். அவர் வாயால் ஓர் ஆணை இட்டதை நான் கேட்டதில்லை. "எழுத்துல குடுங்க, எழுத்துல தரேன்" என்பதே அவர் பேச்சு.

தபால் பிரிவு விசாலாட்சி. வருகிற ஒவ்வொன்றுக்கும் இன்வர்ட் நம்பர் போடுபவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

மூன்றாமவர் ஜலீல். ஒப்பந்தத் தொழில்நுட்பர், முப்பது தாண்டியவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். பெரிய மார்க்கெட் அருகில் அவருடைய அண்ணனுக்குச் சூட்கேஸ் கடை இருந்தது. கடையில் உட்காரச் சொல்லி அண்ணன் வருஷா வருஷம் கூப்பிடுவார். இவர் போகவில்லை. இயந்திரம் மக்கர் பண்ணும்போது அதன் முன்னால் உட்கார்ந்து யோசிப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. அதற்காக ஒருவர் அரசாங்கத்தின் ஒப்பந்தத்தைச் சகித்துக்கொண்டதை அவரிடம் மட்டுமே பார்த்தேன்.

நான் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது, பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஃபயர்வாலுக்கான புதிய மென்பொருள் ஒரு சிடியில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றி, மாலைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று கடிதம். அந்தச் சிடியில் இருந்தவற்றைப் பேக்கேஜ் என்பார்கள். ஒவ்வொன்றும் கட்டி முடிச்சிட்ட ஒரு நிரல் மூட்டை. மூட்டையோடு ஒரு கைரேகையும் வரும். ஏற்றும் முன் இயந்திரம் மூட்டையைத் தானே அளந்து பார்த்து, கைரேகையோடு ஒத்துப்போகாவிட்டால் மறுத்துவிடும். மூட்டைகளுக்குள் உறவுமுறையும் உண்டு. நூலகம் என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் மூட்டை. இன்ன பதிப்பு நூலகம் இருந்தால்தான் நான் இறங்குவேன் என்று ஒன்று சொல்லும். அந்த நூலகமோ, பழைய மூட்டையை வெளியேற்று என்று சொல்லும். கல்யாண வீட்டில் சம்பந்திகளை உட்கார வைக்கிற மாதிரியான வேலை.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஜலீல் வந்தார்.

"சார், மூணு பேக்கேஜ் கைரேகை ஒத்துக்கல. ஒண்ணு நூலகம். அது இல்லாம மத்தது எதுவும் இறங்கமாட்டேங்குது."

"போன வருஷமும் இதேதானே?"

"போன வருஷம் அவங்க தப்பான லிஸ்ட் அனுப்பிட்டாங்க சார். அவங்களே சரிபார்க்காம போடச் சொன்னாங்க."

"அப்ப இதுவும் அதுதான். சரிபார்ப்பைத் தாண்டிப் போட்டுடுங்க."

ஜலீல் நின்றார். "தலைமையிடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுரலாமே சார்?"

"வெள்ளிக்கிழமை மதியம் அங்க யாரு எடுக்கப்போறா? மாலைக்குள்ள அறிக்கை போவணும்."

"எழுதிக் குடுக்கிறீங்களா?"

"சாயங்காலம் எழுதிக்கலாம்."

இந்த இரண்டு சொற்களையும் பின்னாளில் பல முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பொய் எதுவும் இல்லை. எழுதும் எண்ணம் எனக்கு இருந்தது.

மூன்று மணிக்கு வாசல் சாத்திக்கொண்டது. நூலக மூட்டை பாதி அவிழ்ந்து நின்றுவிட்டது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகளை ஏற்றும் நிரல் புதியது, அது நம்பிய நூலகமோ பாதி. எனவே ஒரு விதியும் ஏறவில்லை. இயந்திரத்தின் பதிவேட்டில் ஒரே பேக்கேஜ் பழையதாகவும் புதியதாகவும் இரண்டு முறை இருந்தது. புதியதை நீக்கப் போனால் பழையதைக் கேட்டது. பழையதை ஏற்றப் போனால், அது ஏற்கெனவே இருக்கிறது என்றது. ஜலீல் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, "நீயே சொல்லு, நீ இருக்கியா இல்லியா?" என்று இயந்திரத்திடம் கேட்டார். எனக்கோ சாயங்காலம் எதையும் எழுதத் தோன்றவில்லை.

கவுன்ட்டர்கள் மூன்று வேலை நாள் மூடியிருந்தன. வரிசையில் தூதரக நேர்காணலுக்குத் தேதி வாங்கியவர்கள் இருந்தார்கள், பள்ளியில் சேர்ப்பவர்கள் இருந்தார்கள். ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எங்கப்பா செத்து இருபது வருஷம் ஆவுது. கம்ப்யூட்டர் ஒத்துக்கிட்டாத்தான் அவர் செத்தாரா?" பதில் சொல்லும் விதி எதுவும் கையேட்டில் இல்லை.

எங்களைக் காப்பாற்றியது காகிதம். ஃபயர்வாலின் ஒவ்வொரு விதியும் அச்செடுக்கப்பட்டு, கையெழுத்தாகி, கோப்பில் இருக்க வேண்டும் என்று லூர்துநாதன் பிடிவாதமாக வைத்திருந்தார். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தது உண்டு. ஜலீல் மூலையில் கிடந்த ஒரு பழைய கணினியை எடுத்து, பழைய மென்பொருளை ஏற்றி, கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விதிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். நான் படித்தேன், அவர் அடித்தார். புதன்கிழமை பகலில் கவுன்ட்டர் திறந்தது. அந்தப் பெரியவருக்குத் தகப்பனார் இறந்த சான்று கிடைத்தது.

ஒரு வாரம் கழித்துத் தலைமையிடத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் அனுப்பிய இயந்திரக் குறிப்பேட்டை அவர்கள் படித்திருந்தார்கள். சரிபார்ப்பைத் தவிர்த்து ஒரு கட்டளை. பயனர் பெயர்: ஜலீல். இதே சிடி மற்ற அலுவலகங்களில் பிழையின்றி ஏறியிருக்கிறது, எனவே பிழை சிடியில் இல்லை. விசாரணை முடியும்வரை மேற்படி நபரைப் பணிக்கு அனுமதிக்க வேண்டாம்.

லூர்துநாதன் எங்கள் இருவரையும் அழைத்தார். ஸ்கேல் அந்தக் கட்டளைக்கு அடியில் இருந்தது.

"இதை அடிச்சது யார்?"

ஜலீல் என்னைப் பார்த்தார். நான் ஸ்கேலைப் பார்த்தேன்.

"நான்தான் சார் அடிச்சேன்."

அது உண்மை. லூர்துநாதன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடித்தது யார் என்றுதான் கேட்டார், சொன்னது யார் என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை சொல்லக் கூடாது என்பது அலுவலகத்தில் முதல் நாளே கற்கிற பாடம். அதை நான் அன்று மிக நன்றாகப் பயன்படுத்தினேன்.

ஜலீல் தன் டிபன் பாக்ஸையும் ஸ்க்ரூ டிரைவர் பையையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு இரண்டாவது சிடி வரவழைத்தேன். இம்முறை எதையும் ஏற்றவில்லை, சரிபார்க்க மட்டும் செய்தேன். மீண்டும் கைரேகை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது வேறு இரண்டு பேக்கேஜ்கள். இது எனக்குப் பிடிபடவில்லை. இயந்திரம் கெட்டிருந்தால் ஒரே இடத்தில் இடற வேண்டும். சிடி படிக்கும் பெட்டியை மாற்றினேன். அதே இரண்டு. கோப்புகளை அளந்து பார்த்தேன். உள்ளடக்கம் மாறவில்லை, அளவு குறைந்திருந்தது. சிடியிலிருந்து இயந்திரத்துக்கு நகலெடுக்கத் தலைமையிடம் கொடுத்த ஸ்கிரிப்டை, அந்தச் சிறு நிரலைத் திறந்தால், படிக்க முடியாத இடம் வந்தால் சத்தம் போடாமல் அடுத்ததற்குப் போகும்படி எழுதியிருந்தார்கள். வேலை நின்றுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆக, சிடியில் படிக்க முடியாத இடங்கள் இருந்தன, சிடிக்குச் சிடி வேறு வேறு இடங்களில். ஏன் என்பதுதான் மிச்சம்.

மூன்றாவது சிடி வந்த அன்று தற்செயலாகத் தபால் பிரிவில் நின்றிருந்தேன். விசாலாட்சி உறையைப் பிரித்து, சிடியை மேசைமேல் வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் அதன் மேற்புறத்தில் எழுதத் தொடங்கினார். இன்வர்ட் நம்பர், தேதி, கோப்பு எண். ஒவ்வொரு எழுத்தின் மீதும் பேனா மூன்று முறை போனது.

"என்னங்க பண்றீங்க?"

"இதுல பேனா ஏறவே மாட்டேங்குது சார். அழுத்தி எழுதுனாத்தான் நிக்குது."

"எவ்ளோ நாளா இதுமேலேயே எழுதறீங்க?"

"நவம்பர் சர்க்குலர்லேர்ந்து. ஏன் சார், நம்பர் தெரியலியா?"

தெரிந்தது. சிடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். பின்புறத்திலிருந்தும் தெரிந்தது. எண்ணின் ஒவ்வொரு கோட்டிலும் வெயில் புகுந்து வந்தது. சிடியின் பளபளக்கும் அடிப்புறத்தைத்தான் எல்லோரும் குழந்தை போலப் பார்த்துக்கொள்வார்கள். தரவு தங்குகிற படலமோ மேற்புறத்தில், லேபிளுக்குச் சற்றே கீழே இருக்கிறது. அழுத்தி எழுதினால் அது உரிந்துவிடும். எண் எழுதிய இடம் மாறமாற, கெட்டுப்போகும் பேக்கேஜும் மாறியது.

நவம்பர் சுற்றறிக்கை லூர்துநாதனுடையது. ஒரு முறை உறையில் எண் இருந்து உள்ளே கடிதம் காணாமல் போய், ஆறு மாதம் விசாரணை நடந்தது. அதனால் இனி எண்ணை உறையின் மேல் அல்ல, உள்ளிருக்கும் பொருளின் மேலேயே எழுத வேண்டும் என்று ஆணை. காகிதத்துக்கு அது மிகச் சரியான ஆணை.

மூன்று தரப்பும் விதிப்படி நடந்திருந்தன. விசாலாட்சி சுற்றறிக்கைப்படி எழுதினார். லூர்துநாதன் அனுபவத்தின்படி சுற்றறிக்கை விட்டார். தலைமையிடம் வேலை தடைபடாதபடி ஸ்கிரிப்ட் எழுதியது. விதியை மீறிய ஒரே ஆள் நான்.

ஆனாலும் எனக்கு அன்று நிம்மதிதான். குற்றவாளி பேனா என்று நிரூபித்துவிட்டால் ஜலீல் திரும்பி வந்துவிடுவார், என் பெயர் எங்கும் வர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு, ஜலீல் இப்போது இருந்த சூட்கேஸ் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஜலீல் சிரித்துவிட்டார்.

"விசாலாட்சி அம்மாவா! அதானே பாத்தேன், எந்த சிடிய எடுத்தாலும் நம்பர் கல்வெட்டு மாதிரி இருக்கும்." பிறகு சிரிப்பு நின்றது. "சரி சார், பேனா சிடியக் கெடுத்துச்சி. தாண்டிப் போடுன்னு சொன்னதும் பேனாவா?"

அவர் குரல் உயரவில்லை. அவருடைய அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார். நான் காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தப் பழைய மெஷின் எப்டி ஓடுது?" என்று கேட்டார் ஜலீல். "ஃபேன் சத்தம் போடும். ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க."

மறுநாள் எழுதினேன். இன்ன நாள் இன்ன நேரத்தில், சரிபார்ப்பைத் தவிர்த்து நிறுவும்படி வாய்மொழியாக ஆணையிட்டது நான். எழுத்தில் தரும்படி தொழில்நுட்பர் கேட்டார், நான் தரவில்லை. கூடவே சிடிக்கள் பற்றிய அறிக்கை. லூர்துநாதன் வழக்கம்போல அடியிலிருந்து தொடங்கினார். ஸ்கேல் முதல் வரியிலேயே நின்றது.

"தேதி இல்லையே."

"எந்தத் தேதி போடறதுன்னு தெரியல சார். அன்னிக்கித் தேதி போட்டா விதிப்படி இருக்கும்."

"இன்னிக்கி என்ன தேதி?"

சொன்னேன்.

"அதைப் போடுங்க. லேட்டுன்னா லேட்டு."

போட்டேன். பிறகு முழுவதையும் படித்தார். அறிக்கைக்கு வந்ததும் மூன்றாவது சிடியைக் கையில் எடுத்து, நான் செய்தது போலவே ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். இறக்கி வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்துப் பச்சை மையில் எழுதினார். நவம்பர் சுற்றறிக்கை சிடிக்களுக்குப் பொருந்தாது என்று திருத்தம். கீழே தனியாக: சேதத்துக்குக் காரணம் என்னுடைய சுற்றறிக்கை. கையெழுத்து, தேதி.

"பொன்," என்றார். "ரெண்டையும் ஒரே கவர்ல அனுப்புங்க, முசியே ராமலிங்கம்."

அது மார்ச் மாதம். நான்காவது சிடி உறையின் மேல் எண்ணோடு வந்தது. எல்லா மூட்டைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போய் ஒரே மணி நேரத்தில் ஏறின. இயந்திரம் சரியாகிவிட்டது. தலைமையிடம் மட்டும் பதில் எழுதவில்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினோம், இரண்டு அனுப்பினோம், மூன்றும் அனுப்பினோம். ஞாயிறுதோறும் கடைக்குப் போகும்போது ஜலீல் கேட்பார்.

"பதில்?"

"ரெண்டாவது நினைவூட்டல் போயிருக்கு."

"போறதெல்லாம் போவுது சார். நீங்க ரிட்டையர் ஆவறதுக்குள்ள வருமா, நான் ஆவறதுக்குள்ள வருமா?"

ஜூலையில் ஒரு நாள் கேலி இல்லாமல் சொன்னார். தவளக்குப்பத்தில் அண்ணன் கிளை திறக்கிறார், ஆகஸ்ட் பதினைந்து. "அங்க நான்தான் உக்காரணும்னு அண்ணன் வேற யாரையும் வெக்கல. உக்காந்துட்டேன்னா அப்பறம் எழுந்து வரமாட்டேன் சார். அது நியாயமும் இல்ல."

ஜூலை முடிவில் நான் ஓய்வு பெற்றேன். சாவிகளை ஒப்படைத்தபோது நிலுவைப் பட்டியலில் ஒரே ஓர் இனம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, மாலை நான்கரை மணிக்கு, கருவடிக்குப்பத்தில் உள்ள என் வீட்டுக்கு லூர்துநாதன் போன் செய்தார்.

"பதில் வந்துட்டுது. காகிதம்தானே, மேலயே எழுதலாமான்னு கேட்டுக்கிட்டு விசாலாட்சி அரை மணி நேரம் நின்னுட்டாங்க." படித்தார். ஒன்று: ஜலீலை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு: ஆணையை உரிய நேரத்தில் உறுதிசெய்யாத அலுவலரின் தவறு, அவருடைய பணிப்பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். "உங்க பதிவேட்டை மூடியாச்சு. ரெண்டாவதை எங்க குறிக்கறதுன்னு கேட்டு எழுதணும்."

"எழுதுங்க சார்."

"நாளைக்கி சுதந்திர தினம். அடுத்த நாள் புதுச்சேரி இணைப்பு நாள், நம்ம ஊர் லீவு. கடிதம் அவர் கைக்குப் போறப்ப பதினேழு ஆயிடும். நீங்க இப்பவே போய்ச் சொல்லிடுங்க."

"இது வாய்மொழி ஆணையா சார்?"

"நீங்க இப்ப அலுவலர் இல்ல. உங்களுக்கு நான் ஆணை போட முடியாது. சொல்றேன், அவ்ளோதான்."

ஆட்டோ பிடித்துப் போனேன். கடை வாசலில் ஒரு சிறிய லாரி நின்றது. தவளக்குப்பத்துக்குப் போகும் பெட்டிகளை ஜலீல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பதில் வந்துச்சி," என்றேன்.

"சார், இன்னிக்கி கேலி வேணாம்."

"எடுத்துக்கறாங்க. பதினேழாந்தேதி வந்து சேரலாம்."

ஜலீல் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். உள்ளிருந்து அண்ணன் வந்தார். "இன்னாடா?"

"வேலைக்கி வரச் சொல்றாங்களாம் அண்ணே. சார் சொல்றாரு."

"சார் வாயால சொல்றாரா?" அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒரு வாட்டி அதைக் கேட்டு ஏழு மாசம் இங்க பெட்டி தொடச்சியே, போதலியா?"

ஜலீல் கடைக்குள் போய் பில் புத்தகத்தையும் ஒரு பால்பாயிண்ட் பேனாவையும் எடுத்து வந்தார். ஒரு தாளைத் திருப்பி, ஒரு சூட்கேஸின் மேல் வைத்தார்.

"எழுதிக் குடுங்க சார். எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, அண்ணே, தவளக்குப்பத்துக்கு வேற ஆள் பாத்துக்குங்க. நான் போறேன்."

கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தேகால். அலுவலக நேரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. தலைமையிடத்திலிருந்து பதில் வந்துவிட்டது, பதினேழாம் தேதி காலை பணியில் சேரலாம் என்று அழுத்தி எழுதிக் கையெழுத்திட்டேன். ஜலீல் தாளை எடுத்துக் கீழிருந்து மேலாகப் படித்தார். திருப்பி என் முன்னால் வைத்தார்.

"தேதி?"

போட்டேன். ஆகஸ்ட் 14.